பக்கத்துச் சீட்டும் என் பெயரில்

1

மெல்பேர்ன் விமான நிலையத்தில் போன மாதம் என் பெயரில் இரண்டு போடிங் பாஸ் தந்தார்கள். ஒன்று ஜன்னலோரம், மற்றது அதற்கு அடுத்த நடுச் சீட். இரண்டிலும் ஸ்டெல்லா என்றே இருந்தது. கவுண்டரில் இருந்த பெண், இரண்டையும் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லிவிட்டு என்னைத் தலையிலிருந்து இடுப்பு வரை பார்த்தாள். அதற்குக் கீழே மேசை மறைத்தது. பார்த்த அளவே அவளுக்கு விஷயம் விளங்கப் போதுமாக இருந்திருக்கும்.

கொழும்பில் என்னைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், நான் பருத்த உடம்புக்காரி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். அம்மா, றீட்டா அக்கா, நான் மூன்று பேரும் கோயிலில் ஒரு நீள வாங்கில் இருந்தால், நாலாவது ஆள் வேறு வாங்கு பார்க்கவேண்டும். அம்மா போய்விட்டாள். அக்கா இப்போது பாமன்கடையில் ஒரு சின்ன ஃபிளாட்டில் தனியே இருக்கிறாள். அம்மாவின் ஆண்டுத் திருப்பலிக்கு வருடா வருடம் நான் கொழும்புக்குப் போய்வருவது வழக்கம்.

விமானத்தில் ஏறி, ஜன்னலோரம் அமர்ந்து, பெல்ட்டை எடுத்தேன். எனக்கு அந்தப் பெல்ட் எட்டாது. ஒட்டுத் துண்டு ஒன்று கேட்டு வாங்கவேண்டும். ஒருவருக்கும் கேட்காமல் மெதுவாகத்தான் கேட்பேன். அவர்கள் கொண்டுவருவதோ, பத்து வரிசைக்கு அப்பால் இருப்பவருக்கும் தெரியும் செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும். அது வந்து, பூட்டி, மூச்சு விட்டேன். அப்போது ஒலிபெருக்கியில் என் பெயர் கேட்டது. ஸ்டெல்லா என்ற பயணி இன்னும் ஏறவில்லையாம், ஏறியிருந்தால் பணியாளரிடம் சொல்லட்டுமாம். நான் கையைத் தூக்கினேன். ஒரு பெண் ஓடி வந்தாள்.

"நீங்கள் ஸ்டெல்லா. சரி. மற்ற ஸ்டெல்லா எங்கே?"

"அவளும் நான்தான்" என்றேன்.

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் எனக்காகச் சிவந்தது. நான் நடுச் சீட்டைத் தட்டிக் காட்டினேன். அவள் போனபிறகு, என் பெயரில் இருந்த அந்த வெறும் சீட்டுக்கும் யாராவது பெல்ட் பூட்டச் சொல்வார்களோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

இரண்டு சீட் எடுப்பது என் மகள் ஷரனின் ஏற்பாடு. அதற்குக் காரணம் அதற்கு முந்தைய பயணம்.

அந்த முறை எனக்குப் பக்கத்தில் ஒரு மெலிந்த இளைஞன். மரியாதையான முகம், மடியில் கணினி. நான் வந்து அமர்ந்ததும் எங்களுக்கிடையில் இருந்த கைபிடி கீழே இறங்கவில்லை. நான் அதைத் தூக்கியே விட்டுவிட்டேன். விமானம் மேலே ஏறிச் சமநிலைக்கு வந்ததும் அவன் மணியை அழுத்தினான். பணிப்பெண் வந்ததும் என் தலைக்கு மேலாக அவளோடு ஆங்கிலத்தில் கதைத்தான். "இந்தப் பயணி என் இருக்கையின் ஒரு பகுதியில் இருக்கிறார்." அவன் பொய் சொல்லவில்லை. ஆனால் அதை என்னிடமே சொல்லியிருக்கலாம். நான் ஏதோ மேலே வைக்க மறந்த பெட்டி என்பதுபோல அவர்கள் இரண்டு பேரும் எனக்கு ஒரு முடிவு தேடினார்கள்.

அந்தப் பணிப்பெண் நல்ல பிள்ளை. "ஆன்டி, கைபிடியை மட்டும் கீழே விட ஏலுமா?" என்று கெஞ்சினாள். விட்டேன். கொழும்பு வரும்வரை அது என் விலாவிலேயே இருந்தது. திருப்பலியில் நன்மை எடுத்துவிட்டுப் பீடத்திலிருந்து திரும்பும்போது வைப்பதுபோலக் கைகளை நெஞ்சில் குறுக்கே வைத்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடவில்லை. கழிவறைக்கும் போகவில்லை, போவதென்றால் அவனை எழுப்பவேண்டும். கொழும்பில் இறங்கியபோது இடுப்பில் நீலம் பாரித்திருந்தது. அக்கா எண்ணெய் பூசிவிட்டுக் கேட்டாள். பஸ்ஸில் இடிபட்டது என்றேன். என் வாழ்க்கையில் பஸ் எனக்கு அப்படி ஒரு கெடுதலும் செய்ததில்லை, பாவம்.

மெல்பேர்னுக்குத் திரும்பி வந்து ஷரனிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். முதலில் கண் கலங்கினாள். பிறகு தட்டில் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"ஆனா அம்மா, அவர் சொன்னதும் பிழை இல்லையே. அவரும் ஒரு சீட் எடுத்துத்தானே வந்தவர். உங்கட உடம்பு உங்கட பொறுப்பு. பக்கத்தில இருக்கிறவர்ட பொறுப்பு இல்ல."

"சீட்டை வருஷா வருஷம் சுருக்கிக்கொண்டு போறது ஆர்ட பொறுப்பு?"

"அது கம்பனிட பொறுப்பு. அதுவும் அவர்ட பொறுப்பு இல்லையே."

வாய்க்கு வாய் கதைப்பதில் எனக்குப் பிறந்தவள்தான், சந்தேகமில்லை. வழக்கமாகப் போடும் சோற்றில் ஒரு கரண்டி குறைத்துப் போட்டிருந்தாள். நான் கவனிக்காத மாதிரிச் சாப்பிட்டேன். அவள் சொன்னது சரி என்பதுதான் எனக்கு நொந்தது. பிழை என்றால் சண்டை பிடித்து ஆறியிருக்கலாம்.

அன்றே மனதுக்குள் முடிவு எடுத்தேன், இனிமேல் விமானம் ஏறுவதில்லை. அதன் அர்த்தம், இனிமேல் றீட்டா அக்காவைப் பார்ப்பதில்லை என்பது. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "கடைசியா ஒருக்கா போய் நேரில சொல்லிப்போட்டு வாறன்" என்று ஷரனிடம் சொன்னேன். அவள்தான் அந்த ஒரு முறைக்கு இரண்டு சீட்டாகப் போட்டுத் தந்தாள்.

3

இப்போது பஸ்ஸைப் பற்றிச் சொல்லவேண்டும்.

கலியாணத்துக்கு முன் நான் வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தேன். அக்கா பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் டைப்பிஸ்ட். காலையில் இரண்டு பேரும் கொட்டாஞ்சேனையில் மட்டக்குளியிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடிப்போம். மூன்று பேர் சீட்டில் நாங்கள் இரண்டு பேர். மூன்றாவதாக வருபவர் ஒரு காலை நடைபாதையில் ஊன்றிக்கொண்டு பாதியில் இருப்பார். யாரும் குறை சொல்லவில்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒருநாள் குடையோடு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டு உரக்கக் கேட்டார்.

"பிள்ளையள், எத்தனை டிக்கட் எடுத்தனீங்கள்?"

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்கா அசரவில்லை.

"ரெண்டுதான் அங்கிள். வாங்கோ, உங்களையும் மடியில வச்சிருக்கிறன், டிக்கட் மிச்சம்."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளச் சொல்லி முழங்கையால் இடித்தார். நாங்களும் இடித்துக்கொண்டு தள்ளினோம். குடையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு இருந்தார்.

கொழும்பு பஸ்ஸின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். இருப்பவர், நிற்பவரின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, கை தானாக நீளும். "பேக் எக்க தென்ன நங்கி." சிங்களத்தில், பையைத் தா தங்கச்சி, அவ்வளவுதான். தமிழா, சிங்களமா, சோனகரா என்று மடி பார்ப்பதில்லை. அந்த வழக்கத்தில் றீட்டா அக்கா ஒரு மகாராணி. அவளுடைய மடி அவ்வளவு பெரியது. கந்தோர்ப் பெண்களின் ஹேண்ட்பேக், டியூஷன் பிள்ளைகளின் புத்தகப் பை, சாப்பாட்டுப் பார்சல், ஒருமுறை யாருடையதோ கைக்குழந்தை. எல்லாம் அடுக்கி, அதற்கு மேலே நாடியை வைத்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்பாள். "இந்த மடி சும்மா வளரேல்லடி" என்பாள்.

ஒருநாள் மருதானையில் ஒரு பெண் பிறந்தநாள் கேக்கோடு ஏறினாள். பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அவள் எல்லோருடைய மடியையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு நேரே அக்காவிடம் வந்து பெட்டியைக் கொடுத்தாள். பம்பலப்பிட்டி வந்தது. அக்கா எழும்பவில்லை.

"இறங்கேல்லையா?" என்றேன்.

"இப்ப கை மாறினா கேக் ஆடிப்போயிடும். அந்தப் பிள்ளை வெள்ளவத்தையாம்."

வெள்ளவத்தை வரை வந்து, கேக்கை அந்தப் பெண்ணின் கையில் ஒப்படைத்துவிட்டு, எதிர்ப்பக்கம் பஸ் பிடித்துத் திரும்பிப் போனாள். கந்தோரில் பேச்சு வாங்கினாள். மாலையில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொறுப்பு என்ற சொல்லை யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கேக்தான் ஞாபகம் வருகிறது.

4

மெல்பேர்னுக்கு வந்த முதல் குளிர்காலம். ஷரனுக்கு அப்போது பால்பற்கள் விழும் வயது. ட்ராமில் எனக்கு முன்னால் ஒரு பெண் பெரிய பையோடு ஆடிக்கொண்டு நின்றாள். எனக்குக் கை தானாக நீண்டது. "கிவ் மீ யுவர் பேக்" என்றேன்.

அவள் பையை நெஞ்சோடு அணைத்தாள். கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். நம்முடைய ஊரில் கூச்சப்படுபவரிடம் என்ன செய்வோம்? கொஞ்சம் இழுத்து வாங்குவோம். நானும் வாரைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அவளும் இழுத்தாள். ட்ராம் முழுக்க அமைதியாகிவிட்டது. சீருடையில் ஒருவர் வந்து என்ன நடந்தது என்று கேட்டார். என்னிடம் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டி, எங்கள் நாட்டில் நாங்கள் இப்படித்தான் பஸ்ஸில் மற்றவர்களின் பைகளை எடுப்போம் என்று விளக்கினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

கடைசியில் அவர் சிரித்துவிட்டு என்னைப் போகவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் ஷரன் இல்லை. இரண்டு வரிசை பின்னால் தனியாகப் போய் இருந்து, கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதும் எனக்குப் பின்னால் கொஞ்சம் இடைவெளி விட்டே இறங்கினாள். அதற்குப் பிறகு ட்ராமிலோ பஸ்ஸிலோ அவள் எனக்குப் பக்கத்தில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது காரில் கூட்டிப்போகிறாள். காரில் நான் பின் சீட். அதுதான் எனக்கு வசதி என்று அவளே தீர்மானித்திருக்கிறாள்.

5

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வந்ததும் கூட்டத்துக்குள் அக்காவின் பெரிய உருவத்தைத் தேடினேன். காணவில்லை. அவளுடைய நீலப் பூச்சட்டை மட்டும் தெரிந்தது. அந்தச் சட்டைக்குள் வேறு யாரோ நின்றார்கள்.

"என்னடி முழுசிறாய்? நான்தான்."

கன்னம் இல்லை. கழுத்தில் எலும்பு. இடுப்பைக் கட்டிப்பிடித்தபோது என் கைகள் ஒன்றையொன்று தாண்டிப் போயின. சின்ன வயதிலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து ஒருநாளும் என் கைகள் சந்தித்ததில்லை. ஒரு வருடமாக ஏன் அவளுடைய போனில் வீடியோ வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் விளங்கியது.

உடம்பு வருத்தத்தின் பெயரை அவள் சொல்லவில்லை. "மாதத்துக்கு ஒருக்கா மகரகம போறன்" என்றாள். அங்கேதான் புற்றுநோய் ஆஸ்பத்திரி; நோயை வாயால் சொல்லக் கூசுகிறவர்கள் கொழும்பில் அப்படித்தான் சொல்வார்கள்.

திருப்பலி நாளன்று வாடகைக் கார் பிடிப்போம் என்றேன். அக்கா கேட்கவில்லை, பஸ்தான் என்றாள். வெள்ளவத்தையில் காலி வீதியில் ஏறினோம். கிடைத்தது இரண்டு பேர் சீட். முந்தி என்றால் அதில் எங்களில் ஒருத்திதான் இருக்கலாம். இரண்டு பேரும் இருந்தோம். இருந்தும் எங்களுக்கிடையில் ஒரு கை வைக்கும் அளவு இடம் மிஞ்சியது. அந்த இடத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நகர்ந்து அவளோடு ஒட்டி இருந்தேன்.

பம்பலப்பிட்டியில் கணினிப் பையோடு ஒரு இளம்பெண் ஏறி எங்கள் பக்கத்தில் நின்றாள். அக்காவின் கை நீண்டது.

"பேக் எக்க தென்ன நங்கி."

அந்தப் பெண் காதிலிருந்து இயர்ஃபோனின் ஒரு பக்கத்தைக் கழற்றி, என்ன என்று விளங்கிக்கொண்டு, சிரித்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். பாரமான பை. அக்காவின் மடியில் அது நேராக நிற்கவில்லை, இரண்டு முழங்கால் எலும்புக்கு மேல் ஆடியது. நான் அடியில் கை கொடுத்தேன்.

"எடு கைய. நான் பிடிப்பன்."

எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்.

"உனக்கு ரெண்டு சீட்டாம். ஷரன் போன்ல சொன்னவள்."

"ஓம்."

"மற்றதில என்ன வச்சனீ?"

"ஒண்டும் வைக்கேல்ல. சும்மா வந்தது."

"அவ்வளவு தூரம் சும்மாவா? விசரி. ஆரையாவது கூப்பிட்டு இருத்தியிருக்கலாமே."

"அது என்ர உடம்புக்கு எடுத்தது அக்கா."

அவள் என் மடியைப் பார்த்தாள். பிறகு தன் மடியைப் பார்த்தாள்.

"முந்தி எண்டா எனக்கும் ரெண்டு வேணும். இப்ப அரைச் சீட் காணும், அதுவே போதும். உன்ர மிச்சத்திலயே வந்திருவன்."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சொல்லும் விதத்துக்குச் சிரிக்காமல் இருக்கமுடியாது. கோயிலில் சுவாமியார் அம்மாவின் பெயரை வாசித்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இதுதான் கடைசிப் பயணம் என்று சொல்ல வந்தவள் நான். ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டுக் கடைசி நாளும் வந்தது. வாசலில் வான் நின்றது. "அக்கா, ஒண்டு சொல்லவேணும்" என்று தொடங்கினேன். பிறகு, "ஒழுங்காச் சாப்பிடு" என்று முடித்தேன்.

"இனி வரமாட்டன் எண்டு சொல்லத்தானே வந்தனீ? அதையும் ஷரன் சொன்னவள்."

"அப்ப ஏன் நீ கேக்கேல்ல?"

"நீ சொல்லுறியோ எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான். சொல்லேல்ல தானே. போ, வான்காரன் நிக்கிறான்."

6

திரும்பும்போதும் எனக்கு ஜன்னலோரமும் நடுச் சீட்டும். நடைபாதையோரச் சீட்டுக்கு ஒரு சிங்கள ஐயா வந்தார். உடம்பில் என்னைவிடப் பெரியவர். மகனைப் பார்க்கப் போகிறாராம். அமர்ந்ததும் அவருடைய தோளும் விலாவும் கைபிடியைத் தாண்டி என்னுடைய வெறும் சீட்டுக்குள் வந்தன.

எனக்கு முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அது என் சீட், அதற்காகத்தானே இரண்டாவது டிக்கட் என்று நினைத்தேன். கண் அழைப்பு மணியைத் தேடியது. அப்போது அந்த மெலிந்த இளைஞனின் முகம் ஞாபகம் வந்தது. அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் விலா நொந்திருக்கும். நானாவது அவனிடம், "தம்பி, இடம் காணாதுதான், என்ன செய்வம்?" என்று கேட்டிருக்கலாம். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் வாய் திறக்காமல் வந்திருக்கிறோம்.

அந்த ஐயா நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார். உடனே உடம்பை நடைபாதைப் பக்கம் சாய்த்தார். தள்ளுவண்டி வந்து அவர் முழங்காலில் இடித்தது. அவரே மன்னிப்புக் கேட்டார். திரும்பி வரும்போதும் இடித்தது, திரும்பவும் மன்னிப்புக் கேட்டார். மேலே இடமில்லாமல் மடியில் ஒரு பையை வேறு வைத்துக்கொண்டிருந்தார். கால் நீட்டவும் இடமில்லை. எனக்கு அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பேக் எக்க தென்ன" என்றேன்.

அவருக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு. பல வருடங்களாக பஸ் ஏறாதவர் போலிருந்தது. பையைத் தந்தார். மடியில் வைத்தேன். நடுவில் இருந்த கைபிடியைத் தூக்கிவிட்டு இந்தப் பக்கம் வரச் சொன்னேன்.

இங்கே ஆள் இல்லையா என்று சிங்களத்தில் கேட்டார்.

"என்ர அக்காட இடம்" என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். "அவவுக்கு இப்ப பாதி காணும்."

அவர் என்னைக் கொஞ்சம் பார்த்தார். மெதுவாக நகர்ந்து நடுச் சீட்டின் பாதி வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. மெல்பேர்ன் வரும்வரை அந்த மற்றப் பாதியில் அவருடைய சட்டை நுனி கூடப் படவில்லை.

7

ஷரன் காரோடு வந்திருந்தாள். சீட் வசதியாக இருந்ததா என்று கேட்டாள். அக்காவின் நிலைமையைச் சொன்னேன். அவள் காரை ஓரத்தில் நிறுத்திவிட்டு, கைகளைச் சுக்கானில் வைத்தபடியே இருந்தாள். போனில் பெரியம்மாவோடு வாராவாரம் கதைத்தவள். அவளுக்கும் அக்கா சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கிழமையே கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"எப்ப போறீங்கள் அம்மா?"

"அடுத்த மாதம். கிடைச்சா அதுக்கு முதல்."

"ரெண்டு சீட்தானே?"

"ஓம், ரெண்டு."

தட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். முதல் சீட்டில் என் பெயர் இருந்தது. இரண்டாவதில் ஷரன் என்று இருந்தது.

"உனக்கு வேற வரிசையில போடு பிள்ளை. நான் உன்ர சீட்டுக்குள்ளயும் வருவன்."

"தெரியும்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் மணி அடிக்கமாட்டன். ஆனா விலா நோகேக்க, தள்ளுங்கோ அம்மா எண்டு உங்கட முகத்துக்கு நேர சொல்லுவன்."

"சொல்லு" என்றேன். "நானும் தள்ளுவன்."